கூரியரில் வந்த உப்புகள்: ஓர் இருட்டறைக்கு வேதிப்பொருள் வாங்கியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த இருட்டறையை 2022 ஜூன் மாதத்தில் மீண்டும் திறப்பதென்று முடிவாயிற்று. பொறுப்பேற்றவர் துறையின் பேராசிரியை. 14 மாணவர்களுக்கு ஐந்து நாள் கறுப்பு வெள்ளைப் பயிலரங்கு ஒன்றை ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடத்த அவர் திட்டமிட்டிருந்தார். முன்பு ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தவன் என்பதால் என்னை உதவிக்கு அழைத்திருந்தார்கள். என்லார்ஜர் (படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவி), சிவப்பு விளக்கு, தட்டுகள் எல்லாம் துடைத்து வைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தன. இல்லாதவை வேதிப்பொருள்கள் மட்டுமே.

நான் தொழில் பழகிய நாள்களில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. போட்டோ சாமான் கடைக்குச் சென்று ‘ஹைப்போ ரெண்டு கிலோ, மெட்டால் நூறு’ என்று சொன்னால் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மெட்டால், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரின் முக்கியப் பொருள்; ஹைப்போ, வந்த படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்சரின் உப்பு. 1960இல் உதகையில் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமும் தாளும் அதே கடைகளில்தான் கிடைத்தன. டிஜிட்டல் கேமரா வந்தபின் அந்த ஆலையும் ஓய்ந்தது, கடைகளும் ஆல்பம், பிரேம், பாஸ்போர்ட் படம் என்று மாறிவிட்டன. நாங்கள் விசாரித்த மூன்று பழைய கடைகளில் ஒன்றில் மட்டும், மூடி துருவேறிய ஒரு ஃபிக்சர் டப்பா இருந்தது. ஆகவே, எல்லாவற்றையும் அஞ்சல் வழியாகவோ கூரியர் வழியாகவோ வரவழைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தோம். அந்த எண்ணமே முழுக்கச் சரியானதன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் முடிவு: பாக்கெட்டா, மூலப்பொருளா?

வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்த டெவலப்பர் பாக்கெட்டுகளை வாங்கலாமா என்று முதலில் பார்த்தோம். விலை ஒருபுறமிருக்க, ஆர்டர் கொடுத்த இடத்தில் ‘கையிருப்பு வரும்போது அனுப்புகிறோம்’ என்றே பதில் வந்தது. பயிலரங்கின் தேதியை வைத்துக்கொண்டு அதை நம்பியிருக்க முடியவில்லை. எனவே, பொதுவில் கிடைக்கும் பழைய சூத்திரங்களின்படி நாங்களே கலந்துகொள்வதென்று தீர்மானித்தோம். ஃபிலிமுக்கு டி-76: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். தாளுக்கு டி-72: மெட்டால் 3 கிராம், சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், சோடியம் கார்பனேட் நீரற்றதாயின் ஏறத்தாழ 68 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். ஃபிக்சருக்கு ஹைப்போ படிகம் லிட்டருக்கு 250 கிராம்.

ஃபிலிம் டெவலப்பர் 10 லிட்டர், தாள் டெவலப்பர் 20 லிட்டர் என்று கணக்கிட்டபோது மெட்டால் மொத்தமே 80 கிராம்தான் தேவைப்பட்டது. சல்பைட்டோ 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இங்கேயே முதல் முரண்பாடு தலைகாட்டியது. இந்தப் பொருள்களை விற்பவர்கள் 25 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள். எங்கள் தேவையைத் தொலைபேசியில் சொன்னபோது ஒரு வியாபாரி, ‘சாம்பிளா கேக்குறீங்களா?’ என்றார்.

முடிவில் பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். மெட்டால், ஹைட்ரோகுவினோன், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கான பனிநிலை (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் ஆகியவை மும்பையிலுள்ள ஓர் ஆய்வக வேதிப்பொருள் விற்பனையாளரிடம். பொட்டாசியம் புரோமைடும், பிரிண்டின் கருமையைக் குறைக்க உதவும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சென்னையில் ஒருவரிடம். சல்பைட், கார்பனேட், ஹைப்போ ஆகிய எடை மிகுந்த உப்புகள், கூரியர் செலவை மிச்சப்படுத்துவதற்காக, திருப்பூர்ப் பக்கத்திலுள்ள ஒரு மொத்த வியாபாரியிடம். ஜூன் மூன்றாம் வாரத்தில் மூன்று ஆர்டர்களும் ஒரே நாளில் போயின.

அமிலத்தால் திரும்பிப் போன பெட்டி

மும்பைப் பெட்டி ஒன்பது நாள் கழித்தும் வரவில்லை. கூரியர் எண்ணைத் தேடிப் பார்த்தால், அனுப்பியவருக்கே திரும்பிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. காரணம் எளிது. பனிநிலை அசிட்டிக் அமிலம் பன்னாட்டுச் சரக்கு விதிகளில் அரிக்கும் பொருள், கூடவே தீப்பற்றும் திரவம் என்று வகைப்படுத்தப்பட்டது, ஆபத்தான சரக்குகளுக்கான பட்டியலில் அதன் ஐ.நா. எண் 2789. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடும். சாதாரணக் கூரியர் பெட்டிகள் விமானத்தில் ஏறுவது வழக்கம். அந்தப் பெட்டியில் ஒரு கண்ணாடிப் பாட்டில் அமிலம் இருந்ததால், அதனோடு சேர்ந்திருந்த தூள்களும் நகரவில்லை. அஞ்சல் அலுவலகமும் மாற்றாக இருந்திருக்காது. அப்போது நடைமுறையிலிருந்த 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆபத்தான, கேடு விளைவிக்கும் பொருள்களை அஞ்சலில் அனுப்புவதைத் தடுத்திருந்தது.

விற்பனையாளர் அதற்குப் பிறகே கல்லூரியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், பொறுப்பாளரின் அடையாள அட்டை, பயன்பாட்டின் நோக்கம் ஆகியவற்றைக் கேட்டார். அமில வீச்சுக் கொடுமைகளை அடுத்து 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின்படி, அமிலம் விற்பவர் வாங்குபவரின் விவரத்தையும் நோக்கத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கக் கூடாது, அமிலத்தை வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் பதிவேடு பராமரிக்க வேண்டும். கேட்டது நியாயம்தான். ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருந்தால் இரண்டு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

அமிலத்தையே பட்டியலிலிருந்து நீக்குவதென்று பேராசிரியை முடிவெடுத்தார். ஸ்டாப் பாத்தின் வேலை, தாளில் ஒட்டியிருக்கும் டெவலப்பரின் காரத்தன்மையை முறிப்பதுதான். லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் அதைச் செய்துவிடும். காற்றோட்டம் குறைந்த அறையில் மூக்கைத் துளைக்கும் நெடியும் இராது. அதைப் பேக்கரிச் சாமான் கடையில் அரைக் கிலோ வாங்கினோம். மும்பைப் பெட்டி அமிலமில்லாமல் ஜூலை நடுவில் வந்து சேர்ந்தது. மெட்டால் தூய வெள்ளையாக இல்லை, இலேசாகச் சாம்பல் நிறம் கலந்திருந்தது. இந்தச் சாம்பல் நிறம் பின்னால் எங்களைத் தவறான திசையில் இழுத்துச் சென்றது.

பெயரிலிருந்த சயனைடு

சென்னை விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், பேர்லயே சயனைடுன்னு இருக்குன்னு கவுன்டர்ல எடுக்க மாட்டேங்கிறாங்க. கலர் பவுடர்னு பில் போட்டு அனுப்பிடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க.”

ஃபெர்ரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. உயிரைக் குடிக்கும் பொட்டாசியம் சயனைடு போன்றதன்று அது. வலுவான அமிலத்தோடு சேர்க்காமலும் சூடாக்காமலும் கையாண்டால் இருட்டறைப் பொருள்களில் அச்சம் குறைந்த ஒன்றே. ஆபத்தான சரக்கு என்ற வகைப்பாட்டிலும் அது சேராது. விற்பனையாளர் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்துக் காட்டியும் பயனில்லை. அதைப் படித்து முடிவெடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கவுன்டரில் இருந்தவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தச் சயனைடு எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியன்று; தெரியாததை அவர் ஏற்கவில்லை, அவ்வளவே.

பொய்ப் பெயரில் அனுப்பும் யோசனையைப் பேராசிரியை மறுத்துவிட்டார். நான் அப்போது அதை வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணம் வேறு: பொருள் தீங்கற்றதாக இருக்கலாம்; ஆனால், வழியில் பொதி கிழிந்து ஒருவரின் கண்ணிலோ வாயிலோ பட்டால், மருத்துவமனையில் அவர் ‘கலர் பவுடர்’ என்றுதான் சொல்வார். மேலும், இன்று ஃபெர்ரிசயனைடுக்குச் செய்வதை நாளை அமிலத்துக்கும் செய்ய அதே விற்பனையாளருக்குத் துணிவு வரும். விடைத்தாள் திருத்தச் சென்னைக்குப் போயிருந்த ஒரு சக ஆசிரியர், கல்லூரிக் கடிதத்தைக் காட்டி, 100 கிராம் ஃபெர்ரிசயனைடையும் புரோமைடையும் சீலிட்ட டப்பாக்களில் பில்லோடு நேரில் வாங்கி வந்தார்.

பழுப்பாகிய டெவலப்பர்

மூன்று ஆர்டர்களில் எந்தத் தடங்கலும் இல்லாமல், நான்காம் நாளே வந்து சேர்ந்தது திருப்பூர்ச் சரக்குதான். பிரச்சினை முழுவதும் அதில்தான் இருந்தது.

ஜூலை கடைசி வாரத்தில் டி-72 ஒரு லிட்டர் மட்டும் சோதனைக்காகக் கலந்தோம். வெந்நீரில் மெட்டால் கரைந்தது. மற்றவையும் முறைப்படி கரைந்தன. கார்பனேட் சேர்த்த சில நிமிடங்களில் கரைசல் இளஞ்சிவப்பானது. அரை மணி நேரத்தில் கடும் தேநீரின் நிறத்துக்கு வந்தது. அதில் கழுவிய முதல் பிரிண்டின் வெள்ளைப் பகுதிகளில் மஞ்சள் கறை படிந்திருந்தது. வெளிச்சத்தில் ஒரு ஃபிலிம் துண்டைப் போட்டுப் பார்த்தோம். அது நன்றாகவே கறுத்தது. அதாவது டெவலப்பர் வேலை செய்கிறது, ஆனால் நிற்கவில்லை.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தோம். கல்லூரியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர், உப்பு அதிகம். பேராசிரியையின் வீட்டிலிருந்து இரண்டு கேன் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்து மீண்டும் கலந்தோம். மீண்டும் அதே தேநீர். அடுத்துச் சாம்பல் நிறத்திலிருந்த மெட்டாலைச் சந்தேகித்து, வேறொரு விற்பனையாளரிடமிருந்து புதிதாக 50 கிராம் வரவழைத்தோம். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அது வந்தபின்னும் கரைசல் அதே தேநீர் நிறத்துக்கே போயிற்று. ஃபிலிம் துண்டு கறுத்தபோதே மெட்டால் கெடவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அந்தச் சான்று கண்முன் இருந்தும், தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருளைத்தான் சந்தேகித்தோமே தவிர, பக்கத்து ஊரிலிருந்து வந்த மலிவான உப்பை ஒருவரும் நினைக்கவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் எனக்கு அங்கே உதவவில்லை. கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த காலத்தில் சல்பைட் என்றால் சல்பைட்டாகத்தான் இருந்தது. அதைச் சோதிக்க நான் பழகியதே இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் அடுத்த கட்டடத்திலிருந்த வேதியியல் துறையின் ஆய்வக உதவியாளர். அவர் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசல் ஊற்றி முகர்ந்தார். வாசனை ஏதுமில்லை. தம் அலமாரியிலிருந்த சோடியம் சல்பைட் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகைக்கு அதையே செய்தபோது, தீக்குச்சி உரசியதுபோல் கந்தக நெடி எழுந்தது. பிறகு முதலுதவிப் பெட்டியிலிருந்த பொவிடோன் அயோடினை நீர்த்து இரண்டு குழாய்களில் எடுத்துக்கொண்டார். அவருடைய சல்பைட் பட்டதும் பழுப்பு நிறம் மறைந்தது. எங்கள் உப்பு எவ்வளவு போட்டும் நிறம் அப்படியே இருந்தது. வந்திருந்தது சோடியம் சல்பேட்.

டெவலப்பரில் சல்பைட்டின் முதல் வேலை காற்றிலுள்ள ஆக்சிஜனிடமிருந்து மெட்டாலையும் ஹைட்ரோகுவினோனையும் காப்பது. அது இல்லாத காரக் கரைசல் தேநீராவதில் வியப்பில்லை. மூட்டையின் சீட்டில் ‘சோடியம் சல்ப்.’ என்று மட்டும் சுருக்கி எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். வியாபாரி ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குச் சோடியம் சல்பேட் அன்றாடச் சரக்கு. பருத்தித் துணியில் சாயம் ஏற அதைக் கொட்டுகிறார்கள். அந்த ஊரில் ‘சோடியம் சல்ப்’ என்று காதில் விழுந்தால் கை சல்பேட் மூட்டைக்குத்தான் போகும். நாங்களும் தொலைபேசியில் வாயால்தான் சொல்லியிருந்தோம். பொதியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று அவர் தெரிவித்தார். சல்பைட் தம்மிடம் இருப்பில் இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

அதே சரக்கின் மற்ற இரு உப்புகளையும் சோதித்தோம். கார்பனேட்டைத் தண்ணீரில் போட்டபோது குவளை சுட்டது; எனவே நீரற்றது. படிக நீர் நிறைந்த சலவை சோடாவாக இருந்திருந்தால் குவளை குளிர்ந்திருக்கும். அதே எடையில் போட்டிருந்தால் காரம் பாதிக்கும் குறைவாகவே கிடைத்திருக்கும். ஹைப்போ கரையும்போது குவளை சில்லென்று ஆனது. ஆகவே அது படிகம். நீரற்ற ஹைப்போவாக இருந்தால் 250 கிராமுக்குப் பதில் 160 கிராமே போதும். இவற்றில் எதையும் சீட்டுகள் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பின்பு நடந்தவை

பயிலரங்கைத் தள்ளிவைப்பதா, ஆயத்த டெவலப்பருக்கு எங்காவது அலைவதா என்ற கேள்வி எழுந்தபோது தள்ளிவைப்பதென்றே முடிவாயிற்று. கறை படிந்த பிரிண்டை முதல் பிரிண்டாகப் பார்க்கும் மாணவர், தவறு தம்முடையதென்றே எண்ணிக்கொள்வார் என்பது பேராசிரியையின் கருத்து. வேதியியல் துறைக்கு ஆண்டுதோறும் சரக்கு தரும் விற்பனையாளரின் வழியாக, எழுத்தில் ஆர்டர் கொடுத்து, சல்பைட் 500 கிராம் பாட்டில்கள் நான்கு வாங்கினோம். அவர் தம் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். எங்கள் இருட்டறையிலிருந்து இருநூறு அடி தூரத்தில், மாதந்தோறும் வந்துபோகும் ஒரு வண்டி இருந்திருக்கிறது. நாங்களோ மும்பைக்கும் சென்னைக்கும் எழுதிக்கொண்டிருந்தோம்.

பயிலரங்கு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நடந்தது. தேதி மாறியதால் மூன்று மாணவர்கள் வர இயலவில்லை, பதினொருவர் கலந்துகொண்டனர். டி-72 ஐந்து நாளும் இளமஞ்சள் நிறத்துக்கு மேல் போகவில்லை. சிட்ரிக் அமிலம் இரண்டாம் நாள் மாலையில் கொஞ்சம் பூசணம் பிடித்தது. அதன்பிறகு தினமும் புதிதாகக் கலந்தோம். வெண்காரத்தை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கியிருந்தோம். அதில் குறை ஏதும் தெரியவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

ஆர்டரில் பெயரோடு, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாக உள்ள சி.ஏ.எஸ். பதிவெண்ணையும் எழுதுகிறோம். சோடியம் சல்பைட் 7757-83-7, சோடியம் சல்பேட் 7757-82-6. எண்களிலும் இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்தாம் என்பதால், எண்ணையும் ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்க்கிறோம். படிக நீரைப் பொறுத்தும் இந்த எண் மாறுகிறது: ஹைப்போ படிகத்துக்கு 10102-17-7, நீரற்றதற்கு 7772-98-7. தொலைபேசியில் ஆர்டர் சொல்வதை நிறுத்திவிட்டோம்.

திரவ அமிலம் எதையும் தூள்களோடு ஒரே பெட்டியில் கேட்பதில்லை. உண்மையில் திரவ அமிலத்தையே கேட்பதில்லை. கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் முதல் மின்னஞ்சலோடு போகின்றன. வெளியூரிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டியவை என்று இப்போது பட்டியலில் மிஞ்சியிருப்பது மெட்டால் ஒன்றுதான். ஹைட்ரோகுவினோனையும் புரோமைடையும் வேதியியல் துறையின் வண்டியே கொண்டுவருகிறது. எது வந்தாலும் பொதியைப் பிரிக்குமுன் ஒரு புகைப்படம், பிரித்ததும் ஒரு சிட்டிகைச் சோதனை, பிறகே அலமாரி. பயிலரங்குக்கு ஆறு வாரங்களுக்கு முன் ஒரு லிட்டர் கலந்து ஓர் இரவு வைத்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

ஐந்து கிலோ சல்பேட்டை என்ன செய்வதென்பது மட்டும் சில காலம் பேச்சாக இருந்தது. வெப்ப நாடுகளுக்கென்று எழுதப்பட்ட பழைய டெவலப்பர் சூத்திரங்களில், ஜெலட்டின் அளவுக்கு மீறி உப்பாமல் இருக்கச் சோடியம் சல்பேட்டும் சேர்ப்பதுண்டு. கோவையில் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். அதனால் மூட்டையைத் தூக்கிப் போடாமல், ‘சல்பேட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சல்பைட் இருக்கும் அலமாரிக்கு எதிர்ச் சுவரில் தனியாக வைத்திருக்கிறோம்.